தரை பார்த்த பதினோரு பேர்

மேலப்பாளையம்,
12 மே 2025

அன்புள்ள ஃபர்ஹத் லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உம்மாவும் நலம், சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது. மச்சானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று போனில் கேட்டிருப்பேன். நீங்கள்தான் கூடப்பிறந்த தம்பி நம்பரையே பிளாக் செய்துவிட்டீர்களே. இருபத்தொன்பது வயதில் முதல் தடவையாகப் பதிவுத் தபால் அனுப்புகிறேன். பசை எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குத் தபால் நிலையத்து அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆற்று நீச்சல் மன்றம் தன்னுடைய பழைய நீச்சல் துறையை, ஊரில் மன்றத்துறை என்பார்களே, அதை இருபத்தாறு வருடம் கழித்துத் திறக்கப்போகிறது. வடிவமைப்பும் மேற்பார்வையும் நான். வாசல் பலகைக்கு நான் எழுதிய வரலாற்றை முதலில் உங்களுக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ஐந்தாவது நிமிடம் உங்கள் படம் காணாமல் போனது.

நான் எழுதியது இவ்வளவுதான்: “1961இல் கட்டப்பட்ட மன்றத்துறை ஆண்களுக்காக மட்டும் இயங்கியது. ஆழக் குறிகளோ வேறு பாதுகாப்பு ஏற்பாடோ இல்லாததால் 1999இல் மூடப்பட்டது. இன்று நவீனப் பொறியியலுடன் திறக்கப்படுகிறது.”

இதில் எது உங்களுக்குக் கோபம்? உம்மாவிடம் கேட்டால், “போயி வேலையப் பாருல” என்கிறார். காரணத்தைச் சொன்னால் திருத்துவேன். சொல்லாமல் கோபப்பட்டால் எனக்குப் புரியாது.

எல்லாருக்கும் என் சலாம்.

முஹ்சின்

*

ராதாபுரம்,
24 மே 2025

தம்பி முஹ்சினுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். மச்சானுக்கு முழங்கால் வலி, நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். கிணறு வற்றிவிட்டது, தண்ணீர் வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. உம்மாவுக்கு நூற்று நாற்பது என்பது சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் என்ன அர்த்தம்?

உன் பலகையும் அப்படித்தான் இருக்கிறது.

மன்றத்துறையில் பெண்கள் நீந்தினார்கள். புதனும் சனியும் காலை ஆறிலிருந்து எட்டு வரை. ஆற்றில் தூண் நட்டுச் சங்கிலி கட்டிய இரண்டு அடைப்பில், மேல் அடைப்பு முழுக்க அவர்களுக்குத்தான். அப்புறம், அந்த முப்பத்தெட்டு வருடத்தில் அங்கே ஒருவர்கூட மூழ்கிச் சாகவில்லை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஓடுகிற ஆற்றில் அது எப்படி முடியும் என்று யோசிக்கிற படிப்பு உனக்கு இருக்கிறது.

அந்த வரிகள் போக வேண்டும். போகிற வரைக்கும் உன்னோடு பேச எனக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டுமானால் எழுது.

உம்மாவை வெயிலில் மாடிக்கு ஏற விடாதே.

ஃபர்ஹத்

*

மேலப்பாளையம்,
1 ஜூன் 2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். சாப்பாட்டுக்கு முன்னால். தப்புத்தான்.

ஆனால் மற்றதற்குச் சான்று வேண்டும். மன்றத்தின் பதிவேடுகளில் பாதி தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் போயிற்று, மீதியைக் கரையான் தின்றுவிட்டது. மன்றத் தலைவர் நமச்சிவாயம் அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் குடும்பம் அப்போது மதுரையில் இருந்ததாம், அவருக்கும் தெரியவில்லை. மேல் அடைப்பைப் பார்த்தால் துணி துவைக்கிற துறை மாதிரி இருக்கிறது. அகலப் படி, பக்கத்தில் உயரச் சுவர். அந்தச் சுவரை ஜூலையில் இடித்துவிட்டு அங்கே பம்ப் அறை கட்டுவதாக வரைபடம் போட்டாகிவிட்டது.

பாதுகாப்பு பற்றி. ஏப்ரலில் படகில் எக்கோ சவுண்டர் வைத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் ஆழம் அளந்தேன். படியிலும் தூணிலும் மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று மஞ்சள் எனாமலில் எழுதிவிட்டேன். அறுபத்தொன்றிலேயே யாராவது இதைச் செய்திருக்கலாம். பெயிண்டுக்கு என்ன பஞ்சம்? ஒரு குறிகூட இல்லாமல் முப்பத்தெட்டு வருடம் யாரும் சாகவில்லை என்றால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம்.

மச்சான் முழங்காலுக்கு ஐஸ் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லவும்.

முஹ்சின்

*

ராதாபுரம்,
20 ஜூன் 2025

தம்பி முஹ்சினுக்கு,

சலாம். சுகம். நீயும் உம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

அதிர்ஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். பத்து நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை.

மன்றத்துறையில் விடிந்ததும் முதல் வேலை தரை பார்ப்பது. ஆண்கள் நாளில் ஆண்கள் வரிசை, பெண்கள் நாளில் பெண்கள் வரிசை. பெண்கள் வரிசைக்குப் பதினோரு பேர். ஒருத்தி மணிக்கட்டை ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும். விரலைக் கோக்கக் கூடாது, வழுக்கும். கரையோரம் நிற்கிறவளுக்குத் தண்ணீர் முழங்கால் வரை. சங்கிலித் தூண் பக்கம் நிற்கிறவளுக்கு மோவாய் வரை. மேல் சுவரிலிருந்து கீழ்ச் சங்கிலி வரை அப்படியே பைய நடப்பார்கள், கால் விரலால் மணலைத் தடவித் தடவி. யாருக்குக் கால் எட்டவில்லையோ அவள் “கசம்!” என்று கத்துவாள். இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் அவளைத் தூக்குவார்கள். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நடப்படும். தரை முழுவதும் பார்த்த பிறகுதான் கம்பத்தில் பச்சைக் கொடி ஏறும். கொடி ஏறாமல் ஒரு குழந்தைகூடக் காலை நனைக்க முடியாது.

ஆழத்தில் நிற்கிறவளை முதல் கை என்பார்கள், கொடி ஏற்றுவதும் அவள்தான். அவளுக்கு ஒரு பக்கம்தான் ஆள். மறுபக்கம் ஆறு.

நேற்றுப் பார்த்த தரை இன்றைக்கு இருக்காது. மணலை நகர்த்துவதுதான் ஆற்றுக்கு வேலை. அதனால்தான் படியில் யாரும் ஆழம் எழுதவில்லை. எழுதினால் ஜனங்கள் எழுத்தை நம்பிக் குதிப்பார்கள். பெயிண்டுக்குப் பஞ்சம் இல்லை.

தொண்ணூற்றைந்திலிருந்து மூடுகிற வரைக்கும் நின்ற வரிசை: முத்துராணி, வடிவம்மாள், சுபைதா பேகம், ஆவுடையம்மாள், எஸ்தர் ராணி, செய்யது பாத்திமா, இசக்கியம்மாள், காந்திமதி டீச்சர், மைதீன் பாத்து, பாளையங்கோட்டை பிரேமா.

சான்று கேட்டாய். மேல் அடைப்புச் சுவரின் தலையில் தட்டி நட்ட குழிகள் இருக்கும். போய் எண்ணிப் பார். துணி துவைக்கிறதுக்கு எவனாவது மறைப்புக் கட்டுவானா?

ஃபர்ஹத்

*

மேலப்பாளையம்,
28 ஜூன் 2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். மாடிக்கு ஏறுவதில்லை, ஏற வேண்டாம் என்று சொன்னது நீங்கள் என்று தெரிந்ததும் கேட்டுக்கொண்டார். நான் சொன்னால் கேட்பதில்லை.

குழிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. நாலடிக்கு ஒன்று, எல்லாம் ஒரே ஆழம், அடியில் மக்கிய மூங்கில் துண்டுகள். துவைக்கிற துறை இல்லை. நான் எழுதியது தப்பு. பம்ப் அறையைத் தென்னந்தோப்புப் பக்கம் மாற்றி வரைபடம் கொடுத்துவிட்டேன், சுவர் நிற்கும். “ஆண்களுக்காக மட்டும்” என்பதையும் அடித்துவிட்டேன்.

இரண்டாவது வரியை அடிக்கவில்லை. நீங்கள் சொல்கிற முறை நல்ல பழக்கம், அவ்வளவுதான். காலால் தடவிப் பார்ப்பதைப் பொறியியல் என்று என்னால் எழுத முடியாது. என் மஞ்சள் குறிகள் இருக்கும்.

இன்னொன்று. பதினோரு பேர் என்று எழுதிவிட்டுப் பத்துப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று தடவை எண்ணினேன். அதோடு, மோவாய் அளவுத் தண்ணீரில் கால் விரல் என்ன செய்யும் என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் கை யார்?

வஸ்ஸலாம்.

முஹ்சின்

*

மேலப்பாளையம்,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏழு வாரமாகப் பதில் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மச்சானிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். நானே தேடிப் போனேன்.

மன்றத்தில் வாசல் காவலராக இருந்த பூதலிங்கம் அண்ணாச்சியை வண்ணாரப்பேட்டை டீக்கடையில் பிடித்தேன். எழுபத்தெட்டு வயது, காது சுத்தமாகக் கேட்கிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“யாரு வே நீரு?”

“மன்றத்துறை இஞ்சினியர்.”

“ஓ! படியெல்லாம் மஞ்சளு அப்புன ஆளா?”

“பெண்கள் வரிசையிலே முதல் கை யாரு அண்ணாச்சி?”

“மேலப்பாளையத்துப் பிள்ள. ஃபர்ஹத்து. பதினஞ்சு வயசுல வந்தா. மூத்த பொம்பளைக எல்லாம் தூணுப் பக்கம் போக யோசிக்கையில, அவ பாட்டுக்குப் போயி நின்னா பாத்துக்கிடும். நாலு வருசம். ஒரு புதன், ஒரு சனி தவறல.”

“அது என் லாத்தா.”

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “உம்ம லாத்தாவா? பின்ன எதுக்கு வே நீரு பெயிண்ட் அடிச்சீரு?”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு தொண்ணூற்றொன்பதைச் சொன்னார். ராத்திரியெல்லாம் லாரி லாரியாக மணல் போன வருடம். ஒரு புதன்கிழமை வரிசை இறங்கி, பாதி தூரம் போவதற்குள் ஒன்பது கசம். கரையில் நாற்பது பெண்கள் காத்திருக்கிறார்கள், பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். “ஓரமா நீந்திக்கிடுதோம், கொடிய ஏத்துட்டீ” என்று சத்தம். மன்றத்துக்காரர்களும் வந்து ஏற்றச் சொல்கிறார்கள். பத்தொன்பது வயது ஃபர்ஹத் கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள், எட்டு மணி வரைக்கும். மறுநாள் ஆண்கள் வரிசை கீழ் அடைப்பில் இறங்கிப் பார்த்தது. அங்கேயும் தரை இல்லை. அன்றைக்கே வாசலைப் பூட்டினார்கள்.

“ஒரு பொம்பளப் பிள்ள வாயால துறை மூடிட்டுன்னு ஊரே அவளப் பேசிச்சு. ஆனா ஒரு உசுரு போகல வே!”

எனக்கு அப்போது மூன்று வயது. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இருந்ததே லாத்தா, ஒரு நாள் சொல்லியிருக்கலாமே? இதைப் பலகையில் எழுதப்போகிறேன். உங்கள் பெயரைப் போட்டு.

முஹ்சின்

*

ராதாபுரம்,
2 செப்டம்பர் 2025

தம்பி முஹ்சினுக்கு,

சலாம். எல்லாரும் சுகம். மச்சானுக்கு ஐஸ் கேட்கவில்லை, வெந்நீர் கேட்கிறது. சின்னவள் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். இங்கே பனங்கிழங்குக்குக் கொட்டை புதைத்திருக்கிறோம், தை மாதம் உம்மாவுக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.

பூதலிங்கம் அண்ணாச்சி பேச்சில் பாதியைக் கழித்துக்கொள். தரை போய்விட்டது, கொடி ஏறவில்லை. நடந்தது அவ்வளவுதான். கொடி என் மடியில் இருந்தது என்றால் மற்ற பத்துப் பேரும் என்னைச் சுற்றி ஈரத்துணியோடு நின்றார்கள். அதை அவர் சொன்னாரா? ஒருத்தி பெயரை மட்டும் பலகையில் எழுதினால் நானே வந்து பிடுங்கி எறிவேன். எழுதினால் எல்லார் பெயரையும் எழுது, இல்லாவிட்டால் விடு.

ஊரார் பேசியதைப் பற்றிக் கேட்காதே. அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் ஆயிற்று. ராதாபுரத்தில் ஆறு கிடையாது. பழகிவிட்டது.

உன் குறிகளைப் பற்றி ஒன்று. ஐப்பசித் தண்ணீர் வந்து வடிந்ததும் நீயே இறங்கி ஒரு தடவை நட. கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போ. நாலு ஆள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். தனியாக இறங்காதே.

ஃபர்ஹத்

*

மேலப்பாளையம்,
26 நவம்பர் 2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். நான் சுகம் என்று எழுதுகிற நிலையில் இருப்பதற்குக் காரணம் சத்தியநேசன் என்ற கொத்தனார்.

வெள்ளம் வந்து வடிந்தது. அணையில் தண்ணீரைக் குறைத்ததும் நேற்றுக் காலை இறங்கினோம். நான், சத்தியநேசன், இன்னும் மூன்று கொத்தனார்கள். பூதலிங்கம் அண்ணாச்சி கரையில் நின்று, “ஏலே, காலத் தூக்காத, தடவு, தடவு!” என்று கத்திக்கொண்டிருந்தார். ஆழத்துப் பக்கம் நான்தான் நின்றேன், இஞ்சினியர் என்று. முதல் பத்தடி எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு நாலடி என்று நானே எழுதின தூணுக்குப் பக்கத்தில் கால் வைத்தேன். கீழே ஒன்றும் இல்லை.

கசம் என்று கத்தக்கூட நேரமில்லை, வாயில் தண்ணீர். சத்தியநேசன் மணிக்கட்டை விடவில்லை. விரலைக் கோத்திருந்தால் விட்டுப்போயிருக்கும்.

மத்தியானம் கருவியை வைத்து அளந்தேன். பதினோரு அடி. லாத்தா, கருவி பொய் சொல்லவில்லை. ஏப்ரலில் சொன்னது ஏப்ரலுக்கு உண்மை. அதைப் பெயிண்டாக அடித்து வைத்தது நான்.

சிக்கல் என்னவென்றால், டிசம்பர் ஏழாம் தேதி திறப்பு விழா. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபது பேர் நீந்திக் காட்டப்போகிறார்கள். நீந்தத் தகுதியான இடம் என்று நான் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். நமச்சிவாயம் அண்ணாச்சி நல்ல மனிதர்தான். “ஒரு நாள் விழாதானே தம்பி, பிள்ளைகள ஓரமா நீந்தச் சொல்லுவோம்” என்கிறார். போடாவிட்டால் இந்த வேலை என் கையை விட்டுப் போகலாம். இது என் முதல் பெரிய வேலை.

என்ன செய்ய?

முஹ்சின்

*

ராதாபுரம்,
1 டிசம்பர் 2025

முஹ்சினுக்கு,

அஞ்சலட்டையில் நலம் விசாரிக்க இடமில்லை. தபால்காரர் படித்தால் படிக்கட்டும்.

அன்றைக்கு நான் யாரிடமும் என்ன செய்ய என்று கேட்கவில்லை. தரை இல்லை என்று என் காலுக்குத் தெரியும். உன் காலுக்கும் தெரியும். கையெழுத்து உன்னுடையது.

ஃபர்ஹத்

*

மேலப்பாளையம்,
9 டிசம்பர் 2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். உங்கள் அஞ்சலட்டையை எனக்கு முன்னால் படித்துவிட்டார். அன்றைக்கு எனக்கு இரண்டு முட்டை வைத்தார்.

கையெழுத்துப் போடவில்லை.

மூன்றாம் தேதி மன்றத்துக் கூட்டம். பன்னிரண்டு பேர். நமச்சிவாயம் அண்ணாச்சி கேட்டார், “ஏப்ரல்ல நீருதானே கருவி வச்சு அளந்து எழுதிக் கொடுத்தீரு? இப்பம் எத வச்சுச் சரியில்லங்கீரு?”

“கால வச்சு, அண்ணாச்சி.”

ஒருவர், “இதுக்குத்தான் இஞ்சினியரிங் படிச்சீராக்கும்!” என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு எல்லாரையும் துறைக்குக் கூப்பிட்டேன். நாலடி என்று எழுதியிருந்த இடத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு, பத்தடி மூங்கிலைச் செங்குத்தாக அழுத்தினேன். முழுதும் மூழ்கி என் கையும் தண்ணீருக்குள் போயிற்று, அடி தட்டவில்லை. அண்ணாச்சி படியில் நின்று என் மஞ்சள் எழுத்தைப் பார்த்தார், மூங்கில் போன இடத்தைப் பார்த்தார். அவருடைய பேத்தியும் அந்த அறுபது பேரில் ஒருத்தி. “பந்தல்காரனுக்குப் போனப் போடும் வே, விழா இல்லன்னு சொல்லும்” என்றார். அவ்வளவுதான், விழா நின்றது. வேலை என்னிடமே இருக்கிறது. பெயிண்டை நானே இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டினேன்.

தினமும் வரிசை இறங்கித் தரை பார்த்துக் கொடி ஏற்றாமல் துறையைத் திறப்பதில்லை என்று மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. பலகையும் மாறிவிட்டது. கேளுங்கள்:

“மன்றத்துறை 1961இல் கட்டப்பட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆண்களும் பெண்களும் இங்கே நீந்தினார்கள். ஒவ்வொரு நாளும் தரை பார்த்த பிறகே கொடி ஏறியது. ஒருவரும் மூழ்கவில்லை. 1999இல் ஆற்றின் தரை போனபோது கொடி ஏற்ற மறுத்துத் துறையைக் காத்தவர்கள் இவர்கள்.” கீழே பதினோரு பெயர்கள், அகர வரிசையில். ஒருத்தியைத் தனியாகக் காட்டவில்லை. நீங்கள் சொன்னபடிதான்.

இனி என் வேண்டுகோள். பெண்கள் வரிசைக்கு ஆள் கேட்டு அறிவிப்பு ஒட்டினோம். பதினாறு பேர் வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு நர்ஸ், ஒரு பெண் போலீஸ். பழைய வரிசையிலிருந்து முத்துராணி அக்காவும் எஸ்தர் ராணி அக்காவும். எல்லாரும் நடக்கத் தயார். தூண் பக்கம் நிற்க ஆள் இல்லை. முத்துராணி அக்காவைக் கேட்டேன். “ஃபர்ஹத்து இருக்கையில அங்கன நான் எதுக்கு நிக்கணும்? அவளக் கூப்பிடுல” என்றார்.

கூப்பிடுகிறேன். 17ஆம் தேதி புதன், காலை ஆறு மணி.

உங்கள் தம்பி,
முஹ்சின்

*

ராதாபுரம்,
12 டிசம்பர் 2025

அன்புத் தம்பி முஹ்சினுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லாரும் சுகம். செவ்வாய் சாயங்காலமே மச்சானும் நானும் வந்துவிடுவோம். உம்மாவிடம் சொல், என் பழைய சுரிதார் இரண்டு பீரோவின் மேல்தட்டில் இருக்கிறதா பார்க்கட்டும். பற்றாது, பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

வருகிற பிள்ளைகளிடம் சொல்லிவை: வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கரையில் கழற்ற வேண்டும். பயப்படுகிறவளை நடுவில் நிறுத்து, ஓரத்தில் நிறுத்தாதே. பேசிக்கொண்டே நடந்தால் நல்லது, பேச்சு நின்றால் யாருக்கோ பயம் வந்துவிட்டது என்று தெரியும். அன்றைக்குத் தரை சரியில்லை என்றால் கொடி ஏறாது. அதையும் எல்லாரிடமும் இப்போதே சொல்லிவிடு, அப்புறம் சத்தம் போடக் கூடாது.

பலகை நன்றாக இருக்கிறது. ஒரு தப்பு இருக்கிறது. அகர வரிசை என்று போட்டு என்னைப் பத்துப் பேருக்கு நடுவில் எங்கேயோ சொருகியிருக்கிறாய். வரிசை என்றால் நாங்கள் தண்ணீரில் நின்ற வரிசை. அதை ஆழத்திலிருந்துதான் எண்ணுவார்கள்.

என் பெயரை முதலில் எழுது.

உன் லாத்தா,
ஃபர்ஹத்